உறுதி இல்லாத காணியில் ஒரு ட்ரெய்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று கிழமைக்கு முந்திய உங்கள் இதழில், கோட்டேஜ் என்ற விடுமுறை வீடு வாங்க வசதியில்லாத எங்கள் ஆட்கள், சக்கரத்தில் நிற்கும் ட்ரெய்லர் வீடுகளை நிறுத்தும் பார்க்குகளில் சீசனுக்கு இடம் எடுப்பதைப் பற்றி நல்ல படங்களோடு எழுதியிருந்தீர்கள். டெக்கும் பூச்சாடியும் பார்க்க வடிவுதான். எழுதியதிலும் பெரிய பிழை இல்லை. ஆனால் ஏரிக்கரையில் 'சொந்தமாக' ஓரிடம் என்பது இரண்டு மூன்று தரம் வந்தது. அதை வாசித்த என் மனிசி பத்திரிகையை அந்தப் பக்கம் மேலே தெரிய மடித்து, என் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் கதைக்காமல் போய்விட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்களுடைய ட்ரெய்லர் ஒன்ராறியோவில் ரைஸ் லேக் என்ற ஏரிக்கரையில் நிற்கிறது. ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போய், போர்ட் ஹோப்பில் 28ஆம் நெடுஞ்சாலைக்குத் திரும்பினால் வீட்டிலிருந்து 110 கிலோமீற்றர். அதற்கு முன் பத்து வருடம் கூடாரம்தான். மாகாணப் பூங்காக்களில் இடம் பிடிக்க, போகிற நாளுக்கு ஐந்து மாதத்துக்கு முன்பே காலை ஏழு மணிக்குக் கணினி முன்னால் குந்த வேண்டும். ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குள் சாண்ட்பாங்க்ஸ் பூங்காவில் நல்ல இடமெல்லாம் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்குள் ஈரக் கூடாரத்தைச் சுருட்டி வானுக்குள் எறியும்போது, "அப்பா, எனக்கு இனி இது வேண்டாம்" என்றான் மூத்தவன். அந்த வருடமே, 2018இல், ஒரு வயோதிபத் தம்பதியிடமிருந்து இதை 14,500 டொலருக்கு வாங்கினேன். 2006ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 29 அடி நீளம், எட்டடி அகலம். சக்கரம் நாலு உண்டு. நான் வாங்கிய நாளிலிருந்து அவை ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை.

காசை எண்ணி அவர்களிடம் கொடுத்தேன். சாவிக்கொத்து தந்தார்கள். பிறகு பார்க் ஒப்பீசில் நாலு பக்கக் காகிதமொன்றில் கையெழுத்து வைத்தேன். அந்த நாலு பக்கத்தையும் நான் ஒழுங்காக வாசித்தது ஆறு வருடம் கழித்து.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஊரில் காணி வாங்குவதென்றால் உறுதிப் பத்திரத்தை நொத்தாரிசிடம் கொடுத்து, தோம்புப் பதிவேடு பார்த்து, எல்லைக் கதியாலை எண்ணி, பக்கத்துக் காணிக்காரன் வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறானா என்று கயிறு பிடித்துப் பார்த்து வாங்கின பரம்பரை நான். வேலிச் சண்டையில் என் பெரியப்பாவும் அப்பாவும் பதினொரு வருடம் முகம் பாராமல் இருந்தவர்கள். இங்கே வேலியே இல்லை. இலக்கம் எழுதிய ஒரு கட்டை நாட்டியிருக்கும், அவ்வளவுதான். வேலி இல்லாத இடத்தில் உறுதியைப் பற்றி எனக்கு யோசனையே வரவில்லை.

அந்த நாலு பக்கத்தின் சாரம் இதுதான். ட்ரெய்லர் உங்களுடையது. அது நிற்கும் நிலம் பார்க்குடையது. மே முதல் ஒக்ரோபர் வரை அந்த நிலத்தில் அதை நிறுத்தி வைக்க அனுமதி தருகிறார்கள். அடுத்த வருடமும் தரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அது உங்கள் நிரந்தர வதிவிடமாக இருக்கக் கூடாது, வேறு முகவரி காட்ட வேண்டும். டெக் போட்டாலும் ஷெட் கட்டினாலும் அனுமதி எடுக்க வேண்டும். போகும்போது உங்கள் செலவில் கழற்ற வேண்டும்.

இன்னொன்று. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, முகாம்களிலும் ட்ரெய்லர் பார்க்குகளிலும் பருவகாலத்துக்கோ தற்காலிகமாகவோ தங்கும் இடங்களை அந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. அதாவது என்னைப்போல சீசனுக்கு மட்டும் இடம் எடுத்தவர் வாடகைக்காரர் அல்ல. கட்டணத்தை எவ்வளவு ஏற்றலாம் என்று வரம்பில்லை. முறையிட வாடகைச் சபையும் இல்லை.

இதில் ஒரு பகிடி உண்டு. என் வீட்டு பேஸ்மென்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய வாடகையை 2025ஆம் ஆண்டுக்கு 2.5 வீதத்துக்கு மேல் நான் ஏற்ற முடியாமல் இருந்தது. அதற்கும் 90 நாளுக்கு முன் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த விதியை நான் திட்டாத நாள் இல்லை. அப்படித் திட்டிக்கொண்டிருந்தவனுக்குத்தான் போன ஒக்ரோபரில் பார்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

பார்க் அதற்கு முந்திய வருடமே கைமாறிவிட்டது. பழைய உரிமையாளர் வயதானவர், ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர். புதியவர்களை நான் கண்ணால் காணவில்லை, மின்னஞ்சல்தான். 3,940 டொலராக இருந்த கட்டணம் 4,650 ஆகிறது என்றார்கள். 18 வீதம். அதற்கு மேல் 13 வீத எச்.எஸ்.ரி. விற்பனை வரி சேர 5,254 டொலர் 50 சதம். ஹைட்ரோவுக்கு, அதாவது மின்சாரத்துக்கு, தனி மீற்றர். அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், 15 வருடத்துக்கு மேற்பட்ட ட்ரெய்லரை இனி அந்த இடத்திலேயே வைத்து விற்க முடியாது, விற்றால் இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்று ஒரு வரி. இடம் வேண்டுமென்று வருபவருக்கு அவர்களே புது ட்ரெய்லர் விற்கிறார்கள்.

இரண்டு முழங்காலும் சொல்வழி கேட்காத வயதில் நான் இருக்கிறேன், அதனால் ட்ரெய்லரை விற்க இருந்தேன். ஏஜக்ஸில் உள்ள ஒரு தம்பி 9,000 டொலருக்கு வாங்க ஓமென்று சொல்லி, பிள்ளைகளைக் கூட்டிவந்து கட்டிலில் துள்ளிப் பார்க்கவும் விட்டவர். அந்த ஒற்றை வரியோடு அது போயிற்று. இழுத்துக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். எங்கே? பத்தொன்பது வருடப் பழைய ட்ரெய்லரை வேறு பார்க் ஏற்பது அபூர்வம். பலரும் பத்து, பதினைந்து வருடத்துக்கு மேல் என்றால் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். ரயரெல்லாம் வெயிலில் வெடித்துக் கிடக்கிறது. முன்பக்கத்தைச் சுற்றி நான் 3,800 டொலருக்கு அடித்த டெக் வேறு.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ட்ரெய்லரைப் பார்க்க முன் காகிதத்தைப் பாருங்கள். விற்கிறவரிடம் அல்ல, பார்க் ஒப்பீசில் போய்க் கேளுங்கள்: இந்த ட்ரெய்லரை இதே இடத்தில் வைத்து நான் பிறகு விற்கலாமா, எத்தனை வயது வரை, அதை எழுத்தில் தருவீர்களா? தரமாட்டோம் என்றால் சரி, வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் கொடுக்கிற காசு திரும்பி வராது என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

என் கணக்கையும் சொல்கிறேன். இந்த வருடம் கட்டணம், ஹைட்ரோ, காப்புறுதி, புரொப்பேன், பெற்றோல் எல்லாம் சேர 6,600 டொலருக்குக் கொஞ்சம் மேல். நாங்கள் அங்கே தங்கியது 58 இரவு. ஓர் இரவுக்கு 115 டொலர் விழுகிறது. மனிசி இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "அதில் எத்தனை இரவு நீங்கள் திருத்த வேலை செய்தனீங்கள், அதையும் எழுதுங்கோ" என்றார்.

எழுதத்தான் வேண்டும். கட்டுரையில் வார இறுதி ஓய்வு என்று போட்டிருந்தீர்கள்.

ட்ரெய்லர் என்பது வீடு மாதிரி இருக்கும் பெட்டி. அதற்குப் பெரிய எதிரி தண்ணீர், அதுவும் உறைகிற தண்ணீர். தாங்ஸ்கிவிங் நீள்வார இறுதியோடு பார்க்கில் குழாயைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் சுடுநீர்த் தொட்டியை வடித்து, அதற்குத் தண்ணீர் போகாதபடி வால்வைத் திருப்பிவிட்டு, அன்ரிஃப்ரீஸ் என்ற, லேசில் உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை பம்பால் குழாய்களுக்குள் இழுக்க வேண்டும். காருக்கு விடுகிற பச்சை அல்ல, அது நஞ்சு. இது ட்ரெய்லருக்கென்றே விற்பது. ஒவ்வொரு குழாயாகத் திறந்து, சுடுநீர்ப் பக்கமும் குளிர்நீர்ப் பக்கமும் நிறம் வரும்வரை விடவேண்டும். முதலில் வெறும் தண்ணீர் துப்பும், அப்புறம் காற்று இருமும், பிறகு ரோஸ்மில்க் மாதிரி வரும். குசினி, குளியலறை, கக்கூஸ் எல்லாம் முடித்து, கழுவும் தொட்டிகளின் வளைகுழாய்களுக்குள்ளும் ஒவ்வொரு கோப்பை ஊற்றிவிட்டால் சரி.

முதல் வருடம் நானும் சரி என்றுதான் நினைத்தேன். ட்ரெய்லரின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன மூடிக்குள் கால் கழுவ ஒரு ஷவர் உண்டு. நாங்கள் ஒருநாளும் பாவித்ததில்லை, அதனால் ஞாபகமும் இல்லை. குளிரில் அதன் பின்னாலிருந்த குழாய் வெடித்துவிட்டது. மே மாதம் தண்ணீரைத் திறந்தபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை. சுவருக்குள்ளே ஓடியிருக்கிறது. ஜூன் நடுப்பகுதியில் மேசைக்குப் பக்கத்தில் என் மகள் நடந்தபோது தரை புட்டு மாதிரி அமிழ்ந்தது. விரிப்பைக் கிளப்பினால் கீழே பலகை கறுத்து, விரலால் கிள்ளினால் கையோடு வந்தது. நாலடிக்கு மூன்றடி வெட்டி எடுத்துப் புதுப் பலகை போட்டேன். குந்தியிருந்து செய்த அந்த வேலையோடுதான் முழங்கால் தொடங்கினது என்பது மனிசியின் கட்சி.

வாங்கப் போகிறவர்கள் கட்டிலையும் ஃபிரிஜ்ஜையும் பார்க்காமல் தரையைக் காலால் அமத்திப் பாருங்கள். யன்னலுக்குக் கீழே, கதவடியில், மூலைகளில். பிறகு ஏணி வைத்துக் கூரையில் ஏறி, காற்றுப்போக்கிகளைச் சுற்றிப் பூசிய சீலன்ற் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வெடிப்புக்குள் நெகம் போனால் தண்ணீரும் போகும்.

எலியைப் பற்றி விரிவாக எழுதினால் உங்கள் பக்கம் காணாது. துவாரங்களுக்குள் இரும்புத் தும்பு அடைத்தேன். ஒவ்வொரு வைகாசியும் ஒரு லாச்சிக்குள் என் துவாய்த் துண்டில் செய்த கூடு இருக்கும்.

குளிருக்குள் நிலம் பொருமி இறங்குவதில் ட்ரெய்லர் ஒரு பக்கம் சரிந்துவிடும். வைகாசியில் போய்க் கதவைத் திறந்தால் அது தானே பூட்டிக்கொள்ளும். அடியில் கட்டை வைத்து மட்டம் பார்க்க வேண்டும். கதவுக்காக மட்டும் இல்லை. இந்தப் பழைய ட்ரெய்லர்களில் உள்ள புரொப்பேன் ஃபிரிஜ் மட்டமாக நிற்காவிட்டால் ஒழுங்காகக் குளிராது. நான் மேசையில் ஒரு தோடம்பழத்தை வைத்துப் பார்ப்பேன். உருளாமல் நின்றால் மட்டம் சரி.

இந்த வருடம் மட்டம் பார்க்கப் போனபோது டெக்கே பாதிதான் இருந்தது. பங்குனிக் கடைசியில் வந்த உறைமழைப் புயல் பீற்றர்பரோ பக்கத்தை என்ன செய்தது என்று உங்கள் பத்திரிகையிலேயே வந்ததே. ஐஸ் பிடித்த கொப்பு ஒன்று கைப்பிடியை உடைத்துக்கொண்டு விழுந்திருந்தது. ட்ரெய்லருக்கு நான் எடுத்த காப்புறுதியில் டெக் இல்லை. அதுவும் காகிதத்தில் எழுதித்தான் இருந்தது.

இவ்வளவும் வாசித்துவிட்டு, பின்னே ஏன் ஏழு வருடம் வைத்திருந்தாய் என்று யாராவது கேட்பார்கள்.

ஒரு ஆடி மாதச் சனிக்கிழமையைச் சொல்கிறேன். காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சுவம் என்று வாயை விட்டுவிட்டேன். வீட்டு அடுப்பில் காய்ச்சினால் நாலு நாளுக்குத் திரைச்சீலையில் மணக்கும் என்பதால் ஸ்காபரோவில் கூழ் குடித்துக் கனகாலம். ஐந்து வாகனத்தில் இருபத்துமூன்று பேர் வந்து இறங்கினார்கள். பகல் விருந்தாளிக்குத் தலைக்கு எட்டு டொலர். வாசலில் மச்சான் காசு கட்டுகிறேன் என்று என்னோடு பிடித்த சண்டையைப் பார்த்து, கேற்றில் நின்ற பிள்ளை பயந்துவிட்டாள். வெளியே புரொப்பேன் அடுப்பில் பெரிய சட்டி. நண்டும் இறாலும் கடையில் வாங்கியவை. மீன் மட்டும் ஏரியில் பிடித்தது, சன்ஃபிஷும் பேர்ச்சும். 65 வயதுக்கு மேல் மீன்பிடி அனுமதிக்குக் காசு கட்டத் தேவையில்லை, அடையாள அட்டை போதும். இந்த நாடு எனக்குத் தந்த சலுகைகளில் நான் முழுதாகப் பயன்படுத்தியது அது ஒன்றுதான். மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் போட்டு, புளியும் செத்தல் மிளகாயும் அரைத்துவிட்டு, கடைசியில் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவும்போது அந்த மணம் ஏரிக்காற்றோடு முழுப் பார்க்குக்கும் போய்விட்டது.

பக்கத்து இடத்துக்காரர், இருபது வருடமாக அங்கே இருக்கும் வெள்ளைக்காரர், மெதுவாக எழும்பி வந்தார். சத்தத்துக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். சட்டிக்குள் எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். பனங்கிழங்கை எப்படி விளங்கப்படுத்துவது? பனையோலைப் பிளாவுக்கு எங்கே போவது, கடதாசிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தோம். வியர்த்து வியர்த்து மூன்று கோப்பை குடித்தார். அடுத்த வருடம் சித்திரையிலேயே எப்போது காய்ச்சுகிறாய் என்று தகவல் அனுப்பினார்.

ரைஸ் லேக் என்ற பெயரே அங்கே முன்பு விளைந்த காட்டரிசியால் வந்தது. அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியபிறகு பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எங்கள் வீட்டில் அதை அரிசிக்குளம் என்றுதான் சொல்வோம். பேரப்பிள்ளைகள் அதுதான் உண்மையான பெயர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

அதே சனிக்கிழமையின் மற்றப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் கட்டுரைக்காரர் மாதிரி நானும் ஆகிவிடுவேன். எங்கள் இடத்தில் தண்ணீரும் ஹைட்ரோவும் உண்டு, கழிவுக் குழாய் இல்லை. கழிவு போகும் தொட்டி 150 லீற்றர். உறிஞ்சும் வண்டி வெள்ளிக்கிழமைதான் வரும். இருபத்துமூன்று பேர், காரக் கூழ், சனிக்கிழமை. மிச்சத்தை நீங்களே யோசியுங்கள். பின்னேரம் ஐந்து மணியிலிருந்து எல்லோரையும் பார்க்கின் பொதுக் கழிப்பறைக்கு நடத்தினோம். மின்சாரமும் 30 அம்பியர்தான், மொத்தம் 3,600 வாற். ஏசி ஓடிக்கொண்டிருக்கக் கேத்திலைப் போட்டு, சோற்றுப் பானையையும் போட்டால் பிரேக்கர் விழும். அன்று ஆறு தரம் விழுந்தது. ஏழாம் தரம் என் மருமகன் ஏசியை நிறுத்திவிட்டு, யாரும் தொடக்கூடாதென்று அதன் முன்னாலேயே கதிரை போட்டு இருந்தார்.

பார்க்குக்காரர்கள் செய்தது சட்டப்படி பிழை என்று நான் சொல்லவில்லை. நிலம் அவர்களுடையது. ஆனால் எங்கள் சமூகத்தில் இப்போது பலர், ஓய்வூதியத்திலிருந்தும் சீட்டுக் காசிலிருந்தும் எடுத்து இப்படி இடங்கள் வாங்குகிறார்கள். சிலர் வீட்டுக் கடனை நீட்டி வாங்குகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். மாகாண சபைக்குத் தேர்தலில் நிற்கும்போது எங்கள் மண்டபங்களுக்கு வந்து வடை சாப்பிடுகிறவர்களிடம், வருடாவருடம் பருவகால இடம் எடுக்கிறவர்களுக்கு ஆறு மாத முன்னறிவித்தலாவது சட்டத்தில் வையுங்கள் என்று யாராவது கேட்க வேண்டும். அறிவித்தல் கடிதம் ஒக்ரோபர் மூன்றாம் திகதி வந்து, பதினைந்தாம் திகதிக்குள் பதில் கேட்டால் ஒருவன் என்ன முடிவெடுப்பான்? போன வருடம் நான் அவசரத்தில் ஓமென்று காசு கட்டினேன். இந்த வருடம் இல்லையென்று சொல்லிவிட்டேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தப் பார்க்குகளின் விளம்பரம் உங்கள் பத்திரிகையில் வருவது எனக்குத் தெரியும், அது உங்கள் பிழைப்பு. விளம்பரம் போடுங்கள். கட்டுரையில் மட்டும் 'சொந்தமாக' என்பதை எடுத்துவிட்டு 'சீசனுக்கு' என்று போடுங்கள்.

வாற சனிக்கிழமை கடைசியாகப் போகிறேன். இந்தத் தரம் அன்ரிஃப்ரீஸ் தேவையில்லை. பழைய இரும்புக்காரர் திங்களுக்குப் பிறகு வந்து ட்ரெய்லரை எடுக்க 1,600 டொலர் கேட்கிறார், நான் கொடுக்க வேண்டியது. டெக்கில் முறியாத பக்கத்துப் பலகை இன்னும் உறுதியாக இருக்கிறது, பன்னிரண்டு அடி நீளம், இருபதுக்கு மேல் தேறும். வேண்டுமென்றவர்கள் உங்கள் அலுவலகத்தில் கேட்டால் என் இலக்கம் தருவார்கள். வான் உள்ளவராகவும் திருகாணி கழற்றத் தெரிந்தவராகவும் இருந்தால் நல்லது. ஒடியல் மா ஒரு பை மிச்சம் இருக்கிறது, மத்தியானம் கூழ் உண்டு.

அன்புடன்,
அரிசிக்குளத்துக்காரன்
ஸ்காபரோ

(பெயரைப் போடாதீர்கள். ஏஜக்ஸ் தம்பி இன்னும் என்னோடு கோபம்.)